மண்ணுக்குள் ராணுவ வீரரின் மோதிரம்: யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?

வடக்கு பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் விவசாயிகள் நிலத்தை உழும் ஒவ்வொரு முறையும் முதல் உலகப் போரின் மிச்சம் கொஞ்சம் மேலே வருகிறது. பித்தளைப் பொத்தான், முள்கம்பி, தோட்டா, வெடிக்காமல் கிடக்கும் குண்டு. எப்போதாவது ஒரு மோதிரம்.

மெட்டல் டிடெக்டரோடு வயல்வெளியில் நடப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் ஐரோப்பாவில் நிறைய பேர். அவர்கள் கையில் கிடைக்கும் ஒரு மோதிரத்தின் உள்பக்கத்தில் நாலு எழுத்தோ ஓர் எண்ணோ பொறித்திருந்தால், நூறு ஆண்டுகளாகக் 'காணாமல் போனவர்' பட்டியலில் இருக்கும் ஒரு வீரரின் பெயரை மீட்க அது உதவலாம். அவசரப்பட்டுத் தோண்டி எடுத்துவிட்டால், அதே மோதிரம் வெறும் பழைய உலோகமாகிவிடவும் கூடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

கல்லறை தெரியாதவர்கள் எத்தனை பேர்?

பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் இருக்கும் மெனின் கேட் நினைவு வளைவில் 54,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. பிரான்ஸில் சோம் போர்க்களத்தில் இருக்கும் தீப்வால் நினைவுச்சின்னத்தில் 72,000-க்கும் மேல். இவர்கள் எல்லாருமே இறந்ததாகப் பதிவானவர்கள், ஆனால் உடல் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள்.

இதில் இந்தியர்களும் உண்டு. பிரான்ஸின் நவ் ஷாப்பெல் கிராமத்தில் 1927-ல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்தில், கல்லறை தெரியாத 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள், பணியாளர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

இந்த நினைவிடங்களைப் பராமரிப்பது 1917-ல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம். சென்னை நந்தம்பாக்கத்தில் மவுன்ட்-பூந்தமல்லி சாலையில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதையும் பராமரிப்பது இதே ஆணையம்தான்.

அமெரிக்காவின் கணக்கு தனி. இரண்டாம் உலகப் போரிலிருந்து இன்றுவரை 80,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

கழுத்தில் அடையாள வில்லை இருந்திருக்குமே?

எல்லாருக்கும் முதலில் தோன்றும் கேள்வி இதுதான். சினிமாவில் பார்க்கும் 'டாக் டேக்' எல்லா வீரரிடமும் இருந்திருக்க வேண்டும், இல்லையா?

இருந்தது. ஆனா சிக்கல் அங்கேதான்.

பிரிட்டிஷ் ராணுவம் 1907-ல் அலுமினிய வில்லையைக் கொண்டுவந்தது. 1914-ல் அதை மாற்றி, கல்நார் கலந்த நார்ப்பொருளில் சிவப்பு வில்லை கொடுத்தது. ஒரு வீரருக்கு ஒரே வில்லை. அவர் இறந்ததைப் பதிவு செய்வதற்காக அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனால், உடலில் பெயர் சொல்ல எதுவும் மிஞ்சாது. பின்னாடி வந்து புதைப்பவருக்கு அவர் யார் என்றே தெரியாது.

இந்தக் குறை புரிந்து, 1916 செப்டம்பரில் இரண்டு வில்லைகள் கொடுக்க உத்தரவானது. பச்சை நிற எண்கோண வில்லை உடலோடு இருக்க வேண்டும். சிவப்பு வட்ட வில்லையைக் கழற்றி எடுத்துப் போகலாம். ஆனால் இரண்டுமே நார்ப்பொருள். ஈரமண்ணில் காலப்போக்கில் மக்கிப்போகும். நூறு ஆண்டு கழித்துத் தோண்டும்போது பெரும்பாலும் இருக்காது.

ஜெர்மனி உலோகத்தைப் பயன்படுத்தியது. இரண்டாம் உலகப் போர் கால ஜெர்மன் வில்லை நீள்வட்டமாக இருக்கும், நடுவில் துளைக்கோடு. வீரர் இறந்தால் கீழ்ப்பாதியை ஒடித்து எடுத்துப்போவார்கள், மேல்பாதி உடலோடு இருக்கும். ஓர் உடலோடு ஒடிக்கப்படாத முழு வில்லை கிடைக்கிறது என்றால், அந்த மரணத்தை அப்போது யாரும் பதிவு செய்யாமலே போயிருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுக்குத் தகவலே போகாத மரணமாகவும் அது இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்கணும். அந்த ஜெர்மன் வில்லையில் பெயர் இருக்காது. படைப்பிரிவு, எண், ரத்த வகை, அவ்வளவுதான். எந்த எண் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற பட்டியல் பெர்லினில் இருக்கிறது. 1939-ல் தொடங்கிய அந்த அலுவலகம், 2019 முதல் ஜெர்மனியின் மத்திய ஆவணக் காப்பகத்தோடு இணைக்கப்பட்டுள்ளது.

அப்போ மோதிரம் ஏன் முக்கியம்?

கொடுத்த வில்லையை நம்பாத வீரர்கள் தங்கள் அடையாளத்தைத் தாங்களே சுமந்தார்கள். கைக்காப்பில் பெயர் பொறித்துக்கொண்டார்கள். சாப்பிடும் கரண்டியில் தங்கள் எண்ணைக் கீறிவைத்தார்கள். விரலில் மோதிரம் போட்டுக்கொண்டார்கள்.

போர்க்களத்தில் கிடைக்கும் மோதிரங்களைப் பொதுவாக நாலு வகையாகப் பிரிக்கலாம்:

* முத்திரை மோதிரம்: மேலே பெயரின் முதல் எழுத்துகளோ ரெஜிமென்ட் சின்னமோ இருக்கும்.
* கல்யாண மோதிரம்: உள்பக்கம் இருவரின் பெயர் அல்லது தேதி இருக்கலாம்.
* கல்விக்கூட மோதிரம்: அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் 1835 முதல் இருக்கும் வழக்கம். வருடம் இருக்கும், உள்ளே பெயரும் இருக்கலாம்.
* பதுங்குகுழி மோதிரம்: முதல் உலகப் போரில் எதிரி வீசிய குண்டின் முனையில் இருந்த அலுமினியத்தை உருக்கியோ அறுத்தோ வீரர்களே செய்துகொண்டது. ஊர் பெயரும் வருடமும் மட்டும் பொறித்திருப்பது சகஜம்.

தங்கமும் வெள்ளியும் நார்ப்பொருளைப் போல மக்குவதில்லை. அதனால்தான் ராணுவம் கொடுத்த வில்லை அழிந்த இடத்தில், அம்மாவோ மனைவியோ கொடுத்த மோதிரம் மிஞ்சி நிற்கிறது.

மெட்டல் டிடெக்டர் எப்படி வேலை செய்கிறது?

கருவியின் கீழே வட்டமான தகட்டுக்குள் கம்பிச்சுருள் இருக்கும். அதில் மாறுமின்சாரம் பாயும்போது காந்தப்புலம் உருவாகும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் கிளம்பி, திரும்ப ஒரு காந்தப்புலத்தை அனுப்பும். அதைக் கருவி பிடித்து 'பீப்' சத்தமாக மாற்றுகிறது.

இந்தக் கருவிக்கும் போருக்கும் பழைய உறவு. 1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலில் இருந்த தோட்டாவைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இப்படி ஒரு கருவியைப் பயன்படுத்திப் பார்த்தார். பலன் கிடைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் போலந்து அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி, கையில் தூக்கிச் செல்லக்கூடிய கண்ணிவெடி டிடெக்டரை உருவாக்கினார். 1942-ல் எல் அலமெய்ன் போரில் அது பயன்பட்டது.

ஆனால் கருவிக்கு ஒரு பெரிய வரம்பு உண்டு. உலோகத்தின் மின்கடத்தும் தன்மையைத்தான் அது ஊகிக்கும். சின்ன தங்க மோதிரமும் குளிர்பான டின்னின் அலுமினிய வளையமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சத்தம் தரும். பக்கத்தில் இருக்கும் எலும்பையோ துணியையோ தோலையோ அது சொல்லவே சொல்லாது. கீழே ஒரு மனிதர் இருக்கிறாரா என்பது கருவிக்குத் தெரியாது.

மோதிரத்தை எப்படிப் படிக்கிறார்கள்?

முதலில் முத்திரை. பிரிட்டனில் தங்க, வெள்ளி நகைகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகங்கள் பல நூற்றாண்டுகளாக உள்ளன. நங்கூரச் சின்னம் இருந்தால் பர்மிங்ஹாம். கூடவே இருக்கும் ஓர் எழுத்து, எந்த வருடம் சோதிக்கப்பட்டது என்பதைச் சொல்லும். 1915-ம் ஆண்டு முத்திரை உள்ள மோதிரத்தை 1914-ல் இறந்தவர் போட்டிருக்க முடியாது. இப்படியே பட்டியல் சுருங்கும்.

அடுத்து ரெஜிமென்ட் சின்னம். அந்த ரெஜிமென்ட் அந்த இடத்தில் எந்தத் தேதியில் இருந்தது என்பதைப் படைப்பிரிவின் அன்றாடப் போர்க் குறிப்பேடு சொல்லிவிடும்.

மூன்றாவது எண். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். 1920-க்கு முன் பிரிட்டிஷ் ராணுவத்தில் ஓர் எண் ஒருவருக்கு மட்டும் உரியதாக இல்லை. ஒவ்வொரு ரெஜிமென்ட்டும் தனித்தனியாக எண் கொடுத்தது. ஆக, '2417' என்று மட்டும் ஒரு மோதிரத்தில் இருந்தால், அந்த எண்ணுக்குப் பல பேர் சொந்தக்காரர்கள். ரெஜிமென்ட் தெரியாமல் எண்ணுக்கு மதிப்பில்லை.

ஆவணங்களும் முழுசாக இல்லை. 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த ஜெர்மன் குண்டால், முதல் உலகப் போர் வீரர்களின் பணிக் கோப்புகளில் பாதிக்கும் மேல் எரிந்துபோனது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலையில் நடந்த தீ விபத்தில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. அதனால் பதக்கப் பட்டியல், கல்லறைப் பதிவு, பழைய செய்தித்தாள் என்று சுற்றி வளைத்துத்தான் தேட வேண்டியிருக்கிறது.

மோதிரம் கிடைத்த இடத்தில்தான் ஆளும் இருப்பாரா?

கட்டாயம் இல்லை. இதற்கு ஒரு அருமையான உதாரணம் உண்டு.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ஒரு விமானி ஜெர்மனியில் சுட்டு வீழ்த்தப்பட்டு, போர்க் கைதியானார். பெற்றோர் கொடுத்த தங்க மோதிரம் அவர் விரலில் இருந்தது. அவர் பெயரும் ஊரும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. முகாமில் பசி தாங்காமல், அந்த மோதிரத்தை இன்னொரு கைதியிடம் கொடுத்து இரண்டு சாக்லேட் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு மோதிரம் கைமாறிக்கொண்டே போனது. ஒரு ரஷ்ய சிப்பாய், தங்கிய இடத்துக்கு வாடகையாக அதைக் கொடுத்தார். யூகோஸ்லாவியாவில் ஒரு குடும்பத்திடம் இருந்து, அவர்களின் வாரிசோடு ஜெர்மனிக்கே திரும்பி வந்தது. 2013-ல் பக்கத்து வீட்டு அமெரிக்கர் ஒருவர் இணையத்தில் தேடியபோது, விமானியின் போர்க்கால அனுபவம் பற்றிய ஒரு பல்கலைக்கழக ஆய்வேடு கிடைத்தது. மோதிரம் மகனிடம் போய்ச் சேர்ந்தது. விமானி போரில் சாகவில்லை. ஊர் திரும்பி வாழ்ந்து, 1994-ல் இறந்தார்.

இந்த மோதிரம் நடுவில் எங்காவது தொலைந்து, ஒரு வயலில் கிடைத்திருந்தால்? 'இந்த விமானி இங்கேதான் விழுந்து இறந்தார்' என்று யாராவது முடிவு கட்டியிருப்பார்கள்.

நேர் எதிரான கதையும் இருக்கிறது. 1944 அக்டோபரில் அல்பேனிய மலையில் ஒரு பிரிட்டிஷ் விமானம் விழுந்து நொறுங்கியது. 1960-ல் விறகு பொறுக்கப் போன உள்ளூர்க்காரர் ஒருவருக்கு அங்கே ஒரு மோதிரம் கிடைத்தது. உள்ளே ஒரு பெண், ஓர் ஆண் என இரண்டு பெயர்கள் மட்டும். குடும்பப் பெயர் இல்லை, எண் இல்லை. அதை வைத்து யாரையும் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆனால் அது எங்கே கிடைத்தது என்பதை அவர் மறக்கவில்லை. கம்யூனிஸ்ட் ஆட்சி முடியும் வரை ஒளித்துவைத்திருந்து, மகனிடம் ஒப்படைத்தார். மலையில் கிடந்த சிதைவை வைத்து விமானம் எது என்று தெரிந்தது. விமானம் தெரிந்ததும் அதில் போனவர்களின் பட்டியல் கிடைத்தது. பட்டியலில் அந்தப் பெயர் உள்ளவர் இருந்தார், அவர் மனைவியின் பெயரும் பொருந்தியது. மோதிரம் கிடைத்து ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 90 வயதைத் தாண்டிய அவருடைய தங்கையின் கையில் அது கொடுக்கப்பட்டது.

முதல் மோதிரத்தில் முழுப்பெயர் இருந்தது, இடம் எதையும் சொல்லவில்லை. இரண்டாவதில் பெயர் அரைகுறை, இடம்தான் எல்லாவற்றையும் சொன்னது. ஆய்வாளர்கள் 'எங்கே கிடைத்தது?' என்று முதலில் கேட்பது இதனால்தான்.

இடம் தெரிந்தால் எவ்வளவு தூரம் போகலாம்?

பிரான்ஸின் ஃப்ரொமெல் கிராமம் இதற்குப் பாடம் மாதிரி. 1916 ஜூலை 19, 20 தேதிகளில் நடந்த சண்டையில், ஒரே இரவில் 5,500-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலிய வீரர்கள் இறந்தும் காயமடைந்தும் காணாமலும் போனார்கள். ஜெர்மானியர்கள் தங்கள் பக்கம் கிடந்த உடல்களைப் பெரிய குழிகளில் புதைத்தார்கள். போருக்குப் பின் தேடியவர்கள் கண்ணில் அந்தக் குழிகள் படவில்லை.

மெல்பர்னைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் லாம்பிஸ் எங்லெசோஸ் பல ஆண்டுகள் விடாமல் கேட்ட பிறகு, 2007-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத் தொல்லியல் குழு அங்கே போனது. முதலில் தோண்டவில்லை. மெட்டல் டிடெக்டரால் நிலத்தைக் கட்டம் கட்டமாகத் தேடினார்கள். கிடைத்த ஒவ்வொரு பொருளின் இடத்தையும் குறித்தார்கள்.

அதில் ஒரு சின்ன பதக்கம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருக்கும் ஆல்பர்டன் என்ற வட்டாரம், போருக்குப் போன தன் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. ஜெர்மானியர் கட்டுப்பாட்டில் இருந்த இடத்தில் ஆஸ்திரேலிய ஊர்ப் பதக்கம் ஏன் வரணும்? அதை அணிந்தவர் அங்கே கொண்டுவரப்பட்டிருந்தால்தான் வரும்.

2008-ல் சோதனைத் தோண்டலில் குழிகள் உறுதியாயின. 2009-ல் 250 உடல்கள் எடுக்கப்பட்டன. ஒரு குழியில், ஃப்ரீமான்டிலில் இருந்து பெர்த் நகருக்குப் போய்வர எடுத்த ரயில் டிக்கெட்டின் மீதிப் பாதி கிடைத்தது. திரும்பும் பயணத்துக்கான பாதி. 2010-ல் அங்கேயே புதிய கல்லறைத் தோட்டம் திறக்கப்பட்டது. உறவினர்களின் டி.என்.ஏ. ஒப்பீட்டின் மூலம் 170-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் திரும்பக் கிடைத்திருக்கிறது.

இந்திய வீரர்களுக்கு என்ன நடந்தது?

நவ் ஷாப்பெல் பக்கத்தில் இருக்கும் ரிஷ்பூர் கிராமத்தில், 2016-ல் வீரர்களின் எலும்புகள் கிடைத்தன. தோள்பட்டைச் சின்னத்தில் '39' என்ற எண். அது 39-வது கர்வால் ரைஃபிள்ஸ் என்பது தெரிந்தது. நூறு ஆண்டுக்கும் முன்னால் இன்றைய உத்தராகண்ட் மலைகளில் இருந்து போன இருவர். 2017 நவம்பரில் லவான்டி ராணுவக் கல்லறையில் மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார்கள்.

பெயர் மட்டும் தெரியவில்லை. தோள் சின்னம் படைப்பிரிவைச் சொன்னது, ஆளைச் சொல்ல அவர்களிடம் ஒரு மோதிரமோ பெயர் கீறிய கரண்டியோ இல்லை. பெயருக்கும் பெயரின்மைக்கும் நடுவில் எவ்வளவு சின்ன பொருள் நிற்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

யார் வேண்டுமானாலும் தேடலாமா?

முடியாது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு.

* பிரான்ஸ்: வரலாற்று, தொல்லியல் பொருட்களைத் தேட மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்த அரசு அனுமதி கட்டாயம்.
* பிரிட்டன்: நில உரிமையாளர் அனுமதி வேண்டும். போரில் விழுந்த ராணுவ விமானங்கள் 1986-ம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. உரிமம் இல்லாமல் தொடக்கூடாது.
* பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ்: டிடெக்டர் பயன்படுத்துபவர்கள் அரசின் அங்கீகாரம் பெற வேண்டும்.
* ஜெர்மனி: ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனி அனுமதி விதிகள்.

சட்டத்தை விடப் பெரிய காரணம் உயிர். 2014 மார்ச்சில் ஈப்பரில் ஒரு கட்டுமானத் தளத்தில், முதல் உலகப் போர் குண்டு வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். போர் முடிந்து 95 ஆண்டு ஆகிய நிலையில்! டிடெக்டரின் 'பீப்' மோதிரத்துக்கும் வரும், குண்டுக்கும் வரும்.

மோதிரம் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும்?

வெளிநாட்டில் படிக்கும், வேலை பார்க்கும் தமிழர்களில் சிலரும் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியிருக்கலாம். அனுமதி உள்ள இடத்தில் தேடும்போது இப்படி ஒன்று கிடைத்தால்:

1. நிறுத்துங்கள். ஆழமாகத் தோண்ட வேண்டாம். மோதிரம் விரலில் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள்.
2. எலும்பு தெரிந்தால் தொடாதீர்கள். உடனே போலீசுக்குச் சொல்லுங்கள்.
3. படம் எடுங்கள். பொருள் கிடந்த நிலையில், பக்கத்தில் ஒரு அளவுகோலோ நாணயமோ வைத்து எடுங்கள்.
4. இடத்தைக் குறியுங்கள். போனில் ஜிபிஎஸ் புள்ளி, எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்னென்ன கிடந்தது என்பது வரை.
5. தேய்க்காதீர்கள். வினிகர், பிரஷ் எதுவும் வேண்டாம். மெல்லிய பொறிப்பு ஒருமுறை போனால் போனதுதான்.
6. உரிய அமைப்புக்குத் தெரிவியுங்கள். பிரிட்டிஷ் வீரர் என்றால் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'போர் துப்பறிவாளர்கள்' என்று அழைக்கப்படும் பிரிவு. ஜெர்மன் வீரர் என்றால் 1919 முதல் இயங்கும் ஃபோல்க்ஸ்பண்ட் என்ற போர்க் கல்லறைகள் அமைப்பு. அமெரிக்கர் என்றால் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் போர்க் கைதிகள், காணாமல் போனோருக்கான முகமை.

உறவினரை நீங்களே தேடிப் பிடித்து, சமூக வலைதளத்தில் பெயரோடு பதிவு போடுவது நல்ல எண்ணமாக இருக்கலாம். ஆனால் ஆள் தவறாகிவிட்டால், ஒரு குடும்பத்துக்குப் பொய்யான நம்பிக்கை கொடுத்தது போலாகிவிடும். உறுதி செய்யும் வேலையை அமைப்புகளிடம் விடுவதே சரி.

விற்றால் என்ன?

அடையாள வில்லைகளுக்கும் ராணுவ மோதிரங்களுக்கும் ஆன்லைனில் சந்தை இருக்கிறது. வாங்குபவருக்கு அது அலமாரியில் வைக்கும் பொருள். ஆனால் ஒடிக்கப்படாத ஒரு ஜெர்மன் வில்லை கல்லறையில் இருந்து அலமாரிக்குப் போகும்போது, அந்த எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயர் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் கூடவே போகிறது. பிறகு அதே இடத்தில் யாராவது எலும்புகளைக் கண்டெடுத்தாலும், 'பெயர் தெரியாத வீரர்' என்ற கல்தான் வைக்க முடியும்.

காணாமல் போனவர்களின் பெற்றோர், மனைவிமார் இன்று உயிரோடு இல்லை. பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஃப்ரொமெல் வீரர்களுக்காக டி.என்.ஏ. மாதிரி கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்த வீரரை ஒருமுறைகூடப் பார்த்தது கிடையாது. ஆனாலும் கொடுத்தார்கள், கல்லில் பெயர் வந்ததும் நேரில் போய் நின்றார்கள்.